சிப்போராளுக்குக் கல் எங்கே கிடைத்தது?

சான்பாடா,
10 ஜூன் 2025

சகோதரி எஸ்தர் கோமதியம்மாள் அவர்களுக்கு,

சமாதானம் சொல்லித் தொடங்குவது நம் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு நம் சபையில் அது கொஞ்சம் குறைவாக இருப்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டாம் தேதி ஆராதனையில் யாத்திராகமம் நாலாம் அதிகாரத்திலிருந்து மூன்று வசனங்களை எடுத்துப் பிரசங்கித்தேன். எகிப்துக்குத் திரும்பும் வழியில் மோசே மனைவி பிள்ளைகளோடு ஓரிடத்தில் தங்குகிறார். அங்கே கர்த்தரே எதிர்ப்பட்டு அவரைக் கொல்லப் பார்க்கிறார். மனைவி சிப்போராள் மீதியான் தேசத்துப் பூசாரியின் மகள். அவள் ஒரு கூரான கல்லை எடுத்து மகனுக்கு விருத்தசேதனம் செய்கிறாள். அறுத்த நுனித்தோலைக் காலடியில் எறிந்து, இந்த இரத்தத்தால் நீர் எனக்குப் புருஷன் என்கிறாள். கர்த்தர் விட்டு விலகுகிறார். வேதத்தில் விளங்கிக்கொள்ள மிகவும் கஷ்டமான பகுதி இது என்று நானே ஆரம்பத்தில் சொன்னேன். பிறகு, புறஜாதி மனைவி தடுத்ததால்தான் மோசே தன் மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டார், ஆகவே நம் வாலிபர்கள் வெளியே பெண் எடுக்கும் முன் யோசிக்க வேண்டும் என்று விளக்கினேன்.

அந்த இடத்தில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையிலிருந்து நீங்கள் எழுந்தீர்கள். "அவ தடுக்கல, பாஸ்டர் ஐயா. அவரு செய்யல, அவ செஞ்சா" என்றீர்கள். மகள் ஜோஸ்பின் கையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "எம் மவளுக்கு ஞானஸ்நானம் குடுத்தது அவ அப்பா இல்ல, நாந்தான். அன்னைக்கு நானே ஞானஸ்நானம் எடுக்காதவ" என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தீர்கள். பிரசங்கம் அதற்கு மேல் நகரவில்லை. ஜெபம் சொல்லி முடித்துவிட்டேன்.

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 'ஜோஸ்பின், ஜூலை 1996, ஆஸ்பத்திரியில் அவசர ஞானஸ்நானம், கொடுத்தவர் தகப்பன் ஞானசீலன்' என்று இருக்கிறது. மறைந்த உங்கள் கணவர் சபை அங்கத்தினர். ஆகவே அவர் கொடுத்தது செல்லும். ஞானஸ்நானம் பெறாத ஒருவர் கொடுத்தது நம் சபை விதிப்படி செல்லாது.

ஜோஸ்பினுக்கும் அம்பர்நாத்தில் இருக்கும் ஆல்பினுக்கும் ஜூலை 24 திருமணம். அதற்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும். 'ஞானஸ்நானம் பெற்ற அங்கத்தினர்' என்று சொல்லித்தான் பெயரை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்கிறோம். இப்போது தடை பெண்ணின் தாயிடமிருந்தே வந்திருக்கிறது. செயலாளர் பொன்ராஜ் ஐயா கமிட்டியில் வைக்க எழுத்துப்பூர்வமான விளக்கம் கேட்கிறார். நடந்ததை எழுதிக் கொடுங்கள். அதுவரை ஓலை நிற்கிறது.

ஜெப்ரி, சபைப் போதகர்


தாராவி,
13 ஜூன் 2025

பாஸ்டர் ஐயாவுக்கு,

கோமதி எழுதுவது. உங்கள் கடிதத்தைச் செயலாளர் கொண்டுவந்து கொடுத்தார். உறையைப் பிரித்து ஒட்டியிருந்தது. அதனால் இதைத் தபாலில் சான்பாடாவில் உங்கள் வீட்டுக்கே அனுப்புகிறேன்.

எழுத்தில் கேட்டீர்கள். இவள் எங்கே எழுதப்போகிறாள் என்று நினைத்துச் செயலாளர் கேட்கச் சொல்லியிருந்தால், பாவம் அவர். நான் கல்லிடைக்குறிச்சிப் பக்கத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். பிரசங்கத்தின் நடுவில் எழுந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதற்குக் கேட்கமாட்டேன்.

நானும் ஞானசீலனும் ஒரே தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்த்தோம். அவர் உங்கள் சபைக்காரர், பாட்டுக்குழுவில் முதல் ஆள். நான் கோயிலுக்கு மாவிளக்கு எடுக்கிற வீட்டுப் பெண். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். சபையில் அவரைப் பாட்டுக்குழுவிலிருந்து நிறுத்தினார்கள். சபை முன்னால் முழங்கால் போட்டு மன்னிப்புக் கேட்டால்தான் மறுபடி சேர்ப்போம், பிள்ளை பிறந்தாலும் அதன் பிறகுதான் ஞானஸ்நானம் என்று அன்றிருந்த போதகர் சொல்லிவிட்டார்.

பிள்ளை பிறந்ததும் நான்தான் சொன்னேன், போய் முழங்கால் போட்டுவிட்டு வாருங்கள் என்று. ஒரு தடவை இல்லை, பல தடவை. "அடுத்த வாரம் பாப்போம்ட்டி" என்பார். அவருக்கு வெட்கம். பட்டறை முதலாளியிடம் எல்லாருக்காகவும் நின்று சண்டை போடுகிற ஆள், அந்த ஒரு முழங்காலுக்கு மட்டும் வளையவில்லை. பார்வோன் முன்னால் போய் நிற்கத் துணிந்த மோசே வீட்டில் செய்ய வேண்டியதைத் தள்ளிப் போட்டார் என்று வாசித்தபோது எனக்கு ஒன்றும் ஆச்சரியமாக இல்லை. அப்படிப்பட்ட ஆண் ஒருவரோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவள் நான்.

பிள்ளைக்கு இருபத்தோராம் நாள் காய்ச்சல். சயானில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பால் குடிக்கவில்லை, அழக்கூட இல்லை. மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உங்கள் சாமியைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். இவர் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். "எம் பிள்ள ஞானஸ்நானம் இல்லாமப் போகுதே" என்று அழுகிறார். "நீரு குடும்" என்றேன். "எங் கை நடுங்குதுட்டி, எனக்குத் தகுதியில்ல" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. ஞாயிறுதோறும் அவரோடு உங்கள் சபைக் கோயில் வாசல்வரை வந்து செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றவள் நான். உள்ளே எத்தனையோ பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அந்த வாசலில் எனக்குக் கேட்டிருக்கிறது. வார்த்தை எல்லாம் மனப்பாடம். டம்ளரில் குழாய்த் தண்ணீர் பிடித்தேன். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று தடவை ஊற்றினேன். பிள்ளை வலது கையில் கிடந்தது, ஊற்றியது இடது கை. நான் பிறந்ததிலிருந்து நொட்டாங்கைக்காரி. அதையும் சேர்த்துச் செயலாளர் குறித்துக்கொள்ளட்டும்.

ஊற்றி முடித்ததும் எனக்கு வந்த ஆத்திரத்தில் டம்ளரை அவர் காலடியில் எறிந்தேன். "இந்தாரும், உம்ம பிள்ளைக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சாச்சி. ஆபீஸ்ல போட்ட கையெழுத்து கல்யாணம் இல்ல, இதுதான் கல்யாணம். இன்னையிலிருந்துதான் நீரு எனக்குப் புருஷன்" என்றேன். ஆயா வந்து சத்தம் போடாதே என்று திட்டினாள். அப்போது எனக்குச் சிப்போராள் யார் என்றே தெரியாது. பிற்பாடு வேதத்தில் அந்த இடத்தை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து நான் ஞானஸ்நானம் எடுத்தேன். எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். இவரும் ஒருவழியாக முழங்கால் போட்டார். பிள்ளைக்கு யார் கொடுத்தது என்று பழைய போதகர் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "நாந்தான் ஐயா, ஆஸ்பத்திரியில வச்சி" என்றார். அப்போதுதான் முழங்காலிலிருந்து எழுந்த மனுஷனை மறுபடி எப்படி மண்டி போட வைப்பது? பேசாமல் நின்றேன். அது என் தப்பு. வேறு தப்பு எதுவும் நான் செய்யவில்லை.

கோமதி


சான்பாடா,
18 ஜூன் 2025

மதிப்புக்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். கமிட்டிக்கு இன்னும் காட்டவில்லை. காட்டினால் திரும்ப வாங்க முடியாது என்பதால் முதலில் உங்களிடம் பேசுகிறேன்.

'மனைவி தடுத்தாள்' என்பது வசனத்தில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். பழைய வியாக்கியானக்காரர்கள் பலர் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். என் தகப்பனாரும் போதகர்தான், நாசரேத்துப் பக்கம் அவர் அப்படித்தான் பிரசங்கித்தார், அவருடைய குறிப்புகள்தான் என்னிடம் இருக்கின்றன. கர்த்தர் கொல்லப் பார்த்தது மோசேயையா மகனையா என்பதில்கூட ஒருமித்த கருத்து இல்லை. அந்த வார்த்தையைச் சிப்போராள் அன்பில் சொன்னாளா வெறுப்பில் சொன்னாளா என்று எந்தப் புத்தகமும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. இப்படி இருட்டாக இருக்கிற மூன்று வசனத்தின் மேல் ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவது சரியா என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், கோபிக்கக் கூடாது. பிள்ளை பிழைத்ததை நீங்கள் சாட்சியாகச் சொல்லக்கூடும். முறையாக ஞானஸ்நானம் பெற்ற எத்தனையோ பிள்ளைகளை நான் அடக்கம் செய்திருக்கிறேன். பிழைப்பது ஞானஸ்நானத்துக்கு அத்தாட்சி ஆகாது.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஜோஸ்பின் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வரட்டும். வெளியே யாருக்கும் தெரியாமல் பத்து நிமிஷத்தில் ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறேன். மற்றது இன்னும் எளிது. 'தண்ணீர் ஊற்றியது என் கணவர், நான் பக்கத்தில் நின்றேன், அன்று உணர்ச்சிவசப்பட்டு மாற்றிச் சொல்லிவிட்டேன்' என்று ஒரே வரி எழுதிக் கொடுங்கள். பதிவேடும் அதைத்தான் சொல்கிறது. செயலாளர் ஒத்துக்கொண்டுவிட்டார். ஜூலை ஆறாம் தேதி முதல் ஓலை வாசித்தால்கூட மூன்று ஞாயிறு சரியாக வரும். அதைத் தாண்டினால் என் கையில் ஒன்றுமில்லை.

மகளுக்காகச் செய்யுங்கள் அம்மா. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இதனால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஜெப்ரி


தாராவி,
21 ஜூன் 2025

பாஸ்டர் ஐயா,

உங்கள் ஒரே வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் சொல்லவில்லை. தாளை எடுத்து 'தண்ணீர் ஊற்றியது என்' என்றுவரை எழுதினேன். அதற்குமேல் போகவில்லை. அந்தத் தாளையும் இதோடு வைத்திருக்கிறேன், கமிட்டியில் காட்டுங்கள்.

ஜோஸ்பின் அந்த ஞாயிற்றிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. செம்பூரில் அவள் நர்ஸ் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி ஹாஸ்டலில் இருக்கிறாள். யூனிபார்ம் எடுக்க ஒரு தடவை வந்தாள். உங்கள் கடிதத்தை நான் வாசித்துக் காட்டினேன், அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். "ஏக் லைன் தானே மம்மி, லிக் கே தே தோ நா" என்றாள், எழுதிக் கொடுத்துவிடேன் என்று. பிறகு, "ஓலைக்காக நான் கோவப்படல. அப்பா எனக்குச் சொன்ன கதைல அது ஒண்ணுதான் பெரிய கதை. அப்பா எனக்காகச் செஞ்சதுன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சி. அதையும் எடுத்துக்கிட்டீங்கல்ல?" என்று கேட்டுவிட்டு அழுதுகொண்டே போனாள். அது வலித்தது ஐயா. உங்கள் கமிட்டி என்னை என்ன சொன்னாலும் அவ்வளவு வலிக்காது.

யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் அடக்கத்தில் உங்களுக்கு முந்தைய போதகர் பேசினார். சாகக் கிடந்த பிள்ளைக்குத் தன் கையால் ஞானஸ்நானம் கொடுத்த விசுவாச வீரன் என்றார். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆமென் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், அந்த ஆமெனை அவருக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே கோயிலில், புறஜாதிப் பெண்டாட்டி வந்ததால்தான் புருஷன் கெட்டான் என்று நீங்கள் சொன்னீர்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நல்லது நடந்தால் அவர் கை, கெட்டது நடந்தால் என் மதம் என்றால் எப்படி?

பிழைத்தது அத்தாட்சி ஆகாது என்பது சரி. எனக்கு நீங்கள் சொல்லித்தரத் தேவையில்லை. பக்கத்துக் கட்டிலில் நஸீரா என்று ஒரு பெண் இருந்தாள். அவளும் தன் பிள்ளைக்காக ஓதிக்கொண்டேதான் இருந்தாள். மறுநாள் அவள் பிள்ளை போய்விட்டது. என் தண்ணீரால்தான் என் பிள்ளை பிழைத்தது என்று சொன்னால் நஸீரா முகத்தில் எப்படி விழிப்பேன்? நான் சொல்வது அது இல்லை. பிள்ளை சாகப்போகிறது என்று நினைத்துத்தான் கொடுத்தேன். செத்திருந்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான்.

வசனம் இருட்டு என்கிறீர்கள். எனக்கு இருட்டாக இல்லை. முப்பது வருஷமாகத் தோல் வெட்டுகிறேன். கத்தி கூராக இருக்கவேண்டும், ஒரே இழுப்பில் அறுக்கவேண்டும், தயங்கினால் கிழியும். புருஷன் சாகக் கிடக்கிறார், பிள்ளை வீறிட்டு அழுகிறது, அந்த நேரத்தில் வழியில் கிடந்த ஏதோ ஒரு கல்லை எடுத்து அவள் அறுத்திருக்க முடியுமா? அந்தக் கல்லை அவள் கொண்டுவந்திருக்கிறாள். எப்படிச் செய்ய வேண்டும் என்று யாரிடமோ பார்த்து வைத்திருக்கிறாள். இவர் செய்வார் செய்வார் என்று மூட்டையில் வைத்துச் சுமந்திருக்கிறாள். நான் அந்த வார்த்தைகளைச் செருப்புக்குப் பக்கத்தில் நின்று சுமந்த மாதிரி. தடுத்தவளுக்குக் கல் எங்கே இருக்கிறது என்று எப்படி ஐயா தெரியும்?

அன்பில் சொன்னாளா வெறுப்பில் சொன்னாளா என்று உங்கள் புத்தகங்களுக்குத் தெரியவில்லையாம். கல்யாணம் ஆன எந்தப் பெண்ணையும் கேளுங்கள். இரண்டும்தான்.

கடைசியாகக் கர்த்தர் என்ன செய்தார்? விலகினார். உனக்குத் தகுதி உண்டா, நீ மீதியான்காரிதானே, பதிவேட்டில் யார் பெயர் என்று கேட்கவில்லை. அவர் கேட்காததை உங்கள் கமிட்டி கேட்கிறது.

சனிக்கிழமை சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் என்றால் அதற்கும் நான் சம்மதிக்கமாட்டேன். என் மகள் வயதுக்கு வந்தவள், அவளாக வந்து கேட்டால் கொடுங்கள். நான் அனுப்பமாட்டேன்.

ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். என் கல்யாணத்துக்கு யாரும் ஓலை வாசிக்கவில்லை. ஆபீஸ் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள், அவ்வளவுதான். கோயிலில் ஓலை வாசிக்கும்போது என் பெயரும் வரும், 'ஞானசீலன், கோமதி தம்பதியின் மகள்' என்று மூன்று ஞாயிறு வரும் என்று நான் எத்தனை வருஷமாக ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஆசையைப் பிடித்துத்தான் என்னை வளைக்கப் பார்க்கிறீர்கள். வேண்டாம். பொய் சொல்லி வாசிக்கிற ஓலை எனக்கு வேண்டாம்.

கோமதி


சான்பாடா,
30 ஜூன் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று ஆராதனைக்குப் பிறகு கமிட்டி கூடியது. நீங்கள் வரவில்லை. நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் இன்றே எழுதுகிறேன்.

உங்கள் இரண்டு கடிதங்களையும், பாதியில் நின்ற அந்தத் தாளையும் வாசித்தேன். ஒளித்து வைக்க எனக்கும் மனம் வரவில்லை. பொன்ராஜ் ஐயா, விதி விதிதான் என்றார். இரண்டு பேர் அவர் பக்கம். அந்த நேரத்தில் ஜோஸ்பின் வந்தாள். நைட் டியூட்டி முடிந்து யூனிபார்மோடு செம்பூரிலிருந்து நேரே வந்திருந்தாள். கதவுக்கு வெளியே நின்று நான் வாசித்ததைக் கேட்டிருக்கிறாள் போல.

பொன்ராஜ் ஐயா அவளைப் பார்த்ததும், "வாம்மா. நீயாச்சும் சொல்லு. உங்க அப்பா பேரக் காப்பாத்தணுமா வேண்டாமா?" என்று கேட்டார். அவள் பேசியதை அப்படியே எழுதப் பார்க்கிறேன்:

"அங்கிள், அப்பா இந்தக் கதைய எனக்கு நூறு வாட்டி சொல்லிருக்காரு. ஆக்ட் பண்ணியே காட்டுவாரு. தலகாணிய வலது கையில புள்ள மாதிரி வச்சிக்குவாரு. இடது கையால டம்ளரத் தூக்கி ஊத்துவாரு. ஹர் பார், ஒவ்வொரு வாட்டியும் இடது கை. அப்பா வலது கைக்காரரு. சாப்பாடு, தையல் மிஷின், எல்லாம் வலது கைதான். கதைல மட்டும் எதுக்கு இடது கைனு நான் இதுவரைக்கும் யோசிக்கல. பாஸ்டர் வாசிச்சப்போதான் புரிஞ்சிது. அவரு தான் செஞ்சதக் காட்டல. பார்த்ததக் காட்டுனாரு. பேரு மட்டும் மாத்திட்டாரு, கைய மாத்த அவருக்கு மனசு வரல."

நான் மெதுவாக, சபையின் மனத்திருப்திக்காக நீ ஒரு முறை ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வை உங்கள் பார்வைதான். "மம்மி குடுத்தது போதும் பாஸ்டர். திரும்ப எடுத்தா அது ஒண்ணும் இல்லனு ஆயிரும்ல? ஓலை வாசிக்க முடியலன்னா பரவால்ல. ரிஜிஸ்தர் ஆபீஸ் இருக்கு. மம்மிக்கும் அப்பாவுக்கும் அங்கதான் ஆச்சி. ஆல்பின்ட்ட பேசிட்டேன், அவருக்கு ஓகே" என்றாள்.

பொன்ராஜ் ஐயா எழுந்துவிட்டார். "இடது கையால ஞானஸ்நானம், அதுவும் வெளியாளு! இதெல்லாம் ஒரு சபையா?" என்று சொல்லிவிட்டுப் போனார். மேலிடத்துக்கு என்னைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருக்கிறார். எழுதட்டும்.

அம்மா, நான் பதினோரு வருஷமாகப் பிரசங்கம் செய்கிறேன். அந்த மூன்று வசனத்தை மூலபாஷையிலும் படித்திருக்கிறேன். கல் எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை. உங்களிடம் ஒரு வரி பொய் கேட்டதற்கு என்னை மன்னிக்கவேண்டும். மகளுக்காக என்று சொல்லிக் கேட்டேன், உண்மையில் எனக்குக் கமிட்டியோடு மோதப் பயம்.

ஜூலை ஆறாம் தேதி ஞாயிறு ஓலை வாசிக்கிறேன். ஜோஸ்பினை ஞானஸ்நானம் பெற்ற அங்கத்தினர் என்றே சொல்லி வாசிப்பேன். தடை சொல்கிறவர்கள் எழுந்து சொல்லட்டும், எழுந்து சொல்வது எப்படி என்று நீங்கள்தான் இந்தச் சபைக்குக் காட்டிக்கொடுத்துவிட்டீர்களே. அன்றைய பிரசங்கமும் அதே மூன்று வசனம்தான். முன்பு சொன்னது தவறு என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன்.

பதிவேட்டையும் திருத்தப்போகிறேன். 'கொடுத்தவர் தகப்பன் ஞானசீலன்' என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, 'கொடுத்தவர் தாயார் எஸ்தர் கோமதியம்மாள்' என்று எழுதி நான் கையெழுத்துப் போடுவேன். சாட்சியாக நீங்களும் போட வேண்டும். ஞாயிறு ஆராதனைக்கு அரைமணி முன்னதாக வாருங்கள். எழுதுவதில் ஏதாவது மாற்றம் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள்.

ஜெப்ரி


தாராவி,
2 ஜூலை 2025

பாஸ்டர் ஐயா,

ஜோஸ்பின் ஞாயிறு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்ததும் தலையணையை எடுத்து வலது கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றாள். எனக்குப் புரியவில்லை. பிறகு இடது கையைத் தூக்கினாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினாலே நான் அடுப்படிக்குப் போய்விடுவேன் ஐயா. கேட்கப் பிடிக்காது. அதனால் அவர் எந்தக் கையைத் தூக்கினார் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே அவரை மன்னித்திருப்பேன். பாவி மனுஷன், வாயால் சொல்ல வெட்கப்பட்டுக் கையால் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். சரி. பொன்ராஜ் ஐயா மேலிடத்துக்கு எழுதினால் சொல்லுங்கள், நானும் எழுதுகிறேன். எழுதுவது இப்போது எனக்குப் பழகிவிட்டது. ஆடி மாதத்தில் கல்யாணமா என்று எங்கள் சந்தில் எல்லாரும் கேட்கிறார்கள். ஓலையே வரப்போகிறது, ஆடி என்ன செய்யும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பதிவேட்டில் இரண்டு மாற்றம் வேண்டும்.

அவர் பெயரைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டாம். அதன் கீழே 'பக்கத்தில் நின்றவர்' என்று எழுதுங்கள். நின்றார். நடுங்கினார், அழுதார், ஆனால் ஓடிப்போகவில்லை, நின்றார். டம்ளரை எறிந்தபோதுகூட நகரவில்லை.

இரண்டாவது, 'எஸ்தர் கோமதியம்மாள்' என்று எழுதாதீர்கள். எஸ்தர் அன்றைக்குப் பிறக்கவே இல்லை, அவள் வர இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. கோமதியம்மாள் என்று யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை, அன்றைக்கு அதற்கு வயதும் ஆகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் குழாயடியில் நின்றவள் உங்கள் சபையில் இடமில்லாதவள். வாசலில் செருப்புக்குப் பக்கத்தில் நின்றவள். எஸ்தர் என்று எழுதினால், கடைசியில் நம் ஆள்தானே கொடுத்தாள் என்று நாளைக்கு வாசிக்கிறவர்கள் சமாதானம் ஆகிவிடுவார்கள். அது இன்னொரு பொய். பழைய பொய்யை அடித்துவிட்டுப் புதிய பொய்யை எழுத நான் வரமாட்டேன்.

'கொடுத்தவர் தாய், கோமதி' என்று மட்டும் எழுதுங்கள். அப்படித்தான் கையெழுத்துப் போடுவேன். ஓலையிலும் அப்படியே வாசியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரைமணி முன்னதாக வந்துவிடுகிறேன். பேனாவை இடது பக்கமாக வையுங்கள்.

கோமதி